பணியாரச் சட்டில இருந்து ஒரு பிளவுஸ் டிசைன்

ஆரி ஒர்க் (கொக்கி ஊசில போடற எம்பிராய்டரி) பிளவுஸ் பண்ண ஆரம்பிச்சு 11 வருஷம் ஆச்சு, சனி ஞாயிறுல மாடில டிசைன் வரையறதுக்கு மட்டும் ஒரு சின்ன கிளாஸும் எடுக்கறேன். வர்றவங்க முக்காவாசிப் பேர் மொத நாளே சொல்றது, "அக்கா, ஊசி நல்லா ஓடுது, செயின் ஸ்டிச், ஜர்தோசி எல்லாம் வந்துருச்சு, டிசைன் தான் தோண மாட்டேங்குது". சொல்லிட்டு கையோட போன எடுத்து பின்டரெஸ்ட்ட தொறந்துருவாங்க.

நானும் அப்படித்தான் இருந்தேன். ரெண்டு கஸ்டமர் தனித்தனியா வந்து ஒரே மயில் போட்டோவ காட்டுனாங்க, நான் ஒரே டிரேஸிங் பேப்பர்ல ஊசிக்குத்து போட்டு ரெண்டு பிளவுஸுக்கும் கோடு துணில இறங்கறதுக்கு ஜிங்க் பவுடர் மண்ணெண்ணெய் தேச்சு வேலைய முடிச்சுட்டேன், ஒருத்திக்கு பச்சை, இன்னொருத்திக்கு மெரூன், யாருக்கு தெரியப்போகுதுன்னு நெனச்சேன். பாத்தா ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு சம்மந்தக்காரங்க. முகூர்த்தத்துல பக்கத்துல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்திருக்காங்க. மறுநாள் காலைல போன் வந்துச்சு, நாத்தனார் முன்னாடி மானம் போச்சுன்னு. பாதிக் கூலிய திருப்பிக் குடுத்தேன். அத விட உறுத்துனது என்னன்னா, அந்த மயில எங்கயோ யாரோ உக்காந்து ராத்திரி பகலா வரைஞ்சிருப்பாங்க, அதுக்கு நான் கூலி வாங்கிட்டு இருந்திருக்கேன். இந்த லைன்ல இருக்கற நெறைய பேர் இத ஒரு தப்பாவே நெனைக்கறதில்ல, நெட்ல கெடக்கு எடுத்துக்கறோம்னு தான் சொல்றாங்க.

சரி, அப்ப எங்க போய் தேடறது? ஒரு நாள் சாயங்காலம் பணியாரத்துக்கு மாவு ஊத்திட்டு சும்மா நின்னுட்டு இருந்தேன். எங்க வீட்டுல இருக்கறது 7 குழி சட்டி, நடுவுல ஒண்ணு சுத்தி ஆறு. அப்பத்தான் மண்டைல ஏறுச்சு, இது 3 புள்ளி இடைப்புள்ளி 2-ன்னு வைக்கற கோலம் தான, மேல ரெண்டு நடுவுல மூணு கீழ ரெண்டு. ஒரே அளவு வட்டம்னா ஒண்ண சுத்தி இடிச்சுக்கிட்டு ஆறு தான் உக்காரும், ஏழாவதுக்கு எடமே இருக்காது. வளையல வச்சு சுத்தி சுத்தி வரைஞ்சு பாருங்க, நீங்களே ஒத்துக்குவீங்க.

அன்னைக்கு நான் மொதல்ல வரைஞ்சது ஏழு வட்டம், பாக்க பணியாரச் சட்டி மாதிரியே இருந்துச்சு, அத எவ பிளவுஸ்ல போட்டுக்குவா. அப்புறம் குழிய விட்டுட்டு, குழிக்கும் குழிக்கும் நடுவுல இருக்கற எடத்த மட்டும் பேனாவால ரொப்புனேன். மூணு வட்டம் சேர்ற எடத்துல உள்பக்கமா வளைஞ்ச ஒரு முக்கோணம் கெடைக்கும், நடு வட்டத்த சுத்தி அந்த மாதிரி ஆறு. வட்டத்த எல்லாம் அழிச்சுட்டு பாத்தா ஆறு கூர் மொட்டு வட்டமா நிக்குது. அத பக்கத்துல பக்கத்துல நீட்டிட்டே போனா முதுகு முழுக்க ஜன்னல் ஜாலி மாதிரி ஒரு வலைப்பின்னல். வாங்கிட்டுப் போன பொண்ணு இது என்ன பூ அக்கான்னு கேட்டா, நான் சொல்லல.

கிளாஸ்ல நான் அடிச்சு அடிச்சு சொல்றது இது தான், சாமான வரையாதீங்க, அது எப்படி அடுக்கியிருக்கு, நடுவுல என்ன எடம் மிச்சமிருக்குன்னு பாருங்க. டம்ளர வரைஞ்சா டம்ளர் தான் வரும். டம்ளர கவுத்து அடுக்கி மேல இருந்து பாத்தா தான் டிசைன் வரும்.

இதுக்கு ஒரு சின்ன டெக்னிக். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைல ஒரு இஞ்சுக்கு ஒரு இஞ்சு சதுரமா ஓட்டை வெட்டிக்கோங்க, அத சாமான் மேல வச்சு அந்த ஓட்டைக்குள்ள தெரியறத மட்டும் வரைங்க. முறத்து மேல வச்சா முறம் காணாமப் போயி, பட்டை மேலயும் கீழயும் போறதுல படி படியா ஏறுற கோடு மட்டும் தெரியும். வயர் கூடைல வச்சா சிவன் கண் முடிச்சு ஒரு மாதிரி, நெல்லிக்காய் முடிச்சு வேற மாதிரி, ரெண்டும் நம்ம அம்மா காலத்துலயே ரெடியா இருக்கற பேட்டர்ன் தான். ஜன்னல் கிரில்லு, கேஸ் பர்னர், குறுக்க வெட்டுன வெண்டைக்காய், எது கெடைச்சாலும் வச்சுப் பாருங்க. கொசுவத்திச் சுருள மட்டும் பாக்கெட்ல இருந்து எடுத்த உடனே பிரிச்சுராதீங்க, ரெண்டு சுருள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி இருக்கும், கைப்பகுதிக்கு அத விட அழகான மோட்டிஃப், அதாவது திருப்பித் திருப்பி வைக்கற ஒரு சின்ன உருவம், நான் பாத்ததில்ல. ஒரு சுருளுக்கு ஜரி, இன்னொண்ணுக்கு பீட்ஸ்.

இன்னொண்ணு கண்ணாடி. ரெண்டு சின்ன கண்ணாடிய புத்தகம் தொறந்த மாதிரி நிக்க வச்சு நடுவுல எதையாவது வைங்க. 90 டிகிரி தொறந்தா நாலாத் தெரியும், 60-க்கு குறைச்சா ஆறாத் தெரியும். அரை மிளகா கூட அதுல ஒரு சக்கரம் தான்.

ஒரு மோட்டிஃப் கெடைச்சுட்டா பாதி வேலை தான் முடிஞ்சுது, அத எப்படி திருப்பித் திருப்பி வைக்கறதுங்கறது மிச்ச பாதி. பார்டர்ல ஒரு மாங்காய வரிசையா வைக்கலாம், ஒண்ணு விட்டு ஒண்ணு தலைகீழா வைக்கலாம், எதிரெதிரா முட்ட விடலாம். எத்தனை விதமா வச்சாலும் பார்டர்னா மொத்தம் 7 வகைக்குள்ள தான் அடங்கும், துணி முழுக்க பரவற டிசைன்னா 17 வகை. 1891-லயே ஃபெடரோவ்னு ஒரு ரஷ்யாக்காரர் அந்த 17-ஐ நிரூபிச்சு வச்சிட்டாரு. எனக்கு அந்தக் கணக்கு புரியாது, ஆனா 7 வகையும் ஒரு நோட்டுல வரைஞ்சு வச்சிருக்கேன், ஒரே மாங்காய்ல ஏழு கஸ்டமருக்கு ஏழு பார்டர் வந்துரும். மாங்கான்ன உடனே ஞாபகம் வருது, இத இங்கிலீஷ்ல பெய்ஸ்லிங்கறாங்கல்ல, அது ஸ்காட்லாந்துல ஒரு ஊரு. காஷ்மீர் சால்வைய பாத்து அந்த ஊர் தறில காப்பி நெய்ஞ்சாங்க, பேரு அவங்க ஊருக்குப் போயிருச்சு. காப்பி அடிச்சவன் பேரு தான் நிக்குது பாருங்க.

பேப்பர்ல அழகா இருக்கறது எல்லாம் துணில ஏறாது, இத ஆரம்பத்துலயே தெரிஞ்சுக்கோங்க. பொடி மணியான சுகர் பீட்ஸே கிட்டத்தட்ட ரெண்டு எம்எம் வரும், ரெண்டு கோட்டுக்கு நடுவுல மூணு எம்எம்மாவது நான் விட்டுருவேன், இல்லேன்னா பீட்ஸ் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு டிசைன் சொதசொதன்னு ஆயிரும். முறத்துப் படிய அப்படியே பொடிசா வரைஞ்சு ஒரு முழு கைய பிரிச்ச அனுபவம் எனக்கு இருக்கு.

போன வாரம் கிளாஸுக்கு ஒரு அம்மா அவங்க வீட்டு 12 குழி சட்டிய பைல போட்டு தூக்கிட்டே வந்துட்டாங்க. அதுல நடுவுல மூணு, சுத்தி ஒம்பது. இடுக்கெல்லாம் ஒரே அளவா வரல, சிலது மொட்டு மாதிரி, சிலது கோணலா நீண்டு வருது. நாலு பேப்பர் கிழிச்சாச்சு, சட்டி இன்னும் எங்க வீட்டு மேஜை மேல தான் இருக்கு, அந்தம்மா ஞாயித்துக்கிழமை பணியாரம் சுடணும், சட்டி வேணும்னு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க.