கேபியன் என்றால் கற்கூண்டு

குன்னூர் மலைப்பாதையிலோ, வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வழியிலோ மண் சரிந்த வளைவுகளில் கம்பிவலைக்குள் கருங்கல் அடைத்த பெட்டிகள் படிபடியாக நிற்பதைப் பார்க்கலாம். வேலைத்தளத்தில் அதற்குப் பெயர் கேபியன். எழுதும்போது ‘கேபியன் சுவர்’ ஆகிவிடும். இந்தச் ‘சுவர்’ என்ற ஒட்டு வேலையையே கெடுத்துவிடுகிறது.

இத்தாலிய மொழியில் கப்பியா என்றால் கூண்டு, கப்பியோனே என்றால் பெரிய கூண்டு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் கேபியன் ஆயிற்று. இதற்கு வேர் கவேயா என்ற லத்தீன் சொல். கூண்டைக் குறிக்கும் ‘கேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் வழி வந்ததே. முதலில் இது போர்க்களப் பொருள். குச்சியால் பின்னிய அடியில்லாக் கூடைகளில் மண்ணை நிரப்பிப் பீரங்கிகளுக்குக் காப்பாக வைத்தார்கள். கம்பிவலையும் கல்லும் பின்னால் வந்தவை.

தமிழில் ‘கற்கூடை’ என்றும் எழுதுகிறார்கள். பழைய பொருளுக்கு அது சரி. கூடைக்கு வாய் திறந்திருக்கும். இன்றைய கேபியனுக்கோ மூடி உண்டு, அதைக் கம்பியால் தைத்தாக வேண்டும். உள்ளிருப்பதை விடாமல், காற்றையும் நீரையும் மட்டும் விடுவது கூண்டு. ஆகவே ‘கற்கூண்டு’ என்பதே பொருந்தும்.

நீரை விடுவதில்தான் இதன் உயிர் இருக்கிறது. கல் அடைத்த கூண்டில் 30 முதல் 40 விழுக்காடு வெற்றிடம். நீலகிரியில் சார்னோகைட் என்ற கெட்டியான பாறை உளுத்து உண்டான செம்மண், வடகிழக்குப் பருவமழையில் ஊறிக் கனத்து முன்னே தள்ளும். கற்கூண்டு அந்த நீரை வடித்துவிடும். சுவர்தானே என்று முகப்பில் சிமெண்ட் கலவை பூசினால் வடிகால் அடைபடும், நீரழுத்தம் கூண்டைச் சாய்க்கும். பின்புறம், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்காவிட்டால் வேறு கேடு: நீரோடு நுண்மண்ணும் கல்லிடுக்கில் வழிந்து, பின்னால் பள்ளம் விழுந்து, சாலையோரம் இறங்கும்.

வழக்கமான கூண்டு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். நடுவில் ஒரு தடுப்பு. வலை அறுகோணக் கண்ணுள்ள இரட்டை முறுக்கு வலையாக இருக்க வேண்டும். கம்பி 2.7 மி.மீ., விளிம்புக் கம்பி 3.4, தைக்கும் கம்பி 2.2, எல்லாம் துத்தநாகம் பூசியவை. வேலிக்குப் போடும் சங்கிலி வலை ஆகாது. அதில் ஒரு கம்பி அறுந்தால் வரிசை முழுதும் பிரிந்துவிடும்.

கெட்டியான தரை வரை தோண்டி, மலைப்பக்கம் சுமார் 6 பாகை சாய்த்து நிறுத்துங்கள். கல் 10 முதல் 20 செ.மீ. போதும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ‘மொத்’தென்று கேட்டால் உளுத்த கல், ஒதுக்குங்கள். முகப்பில் கையால் அடுக்குங்கள். லாரியிலிருந்து அப்படியே கொட்டினால் வலை நெளியும், கல் பிறகு அமுங்கும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் முன்வலையையும் பின்வலையையும் குறுக்குக் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள், மூன்றில் இரண்டிலும் அப்படியே. இதை விட்ட கூண்டுக்குத்தான் வயிறு தள்ளும். மேலே 3 செ.மீ. கூடுதலாக நிரப்பி மூடியைத் தையுங்கள்.

சரிவின் மேல் போர்த்தும் ‘பாறை வலை’ வேறு பொருள். இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் போன்ற எரிமலைத் தீவுகளில் கெட்டியான எரிமலைக் குழம்புப் பாறையும் இளகிய சாம்பலும் அடுக்கடுக்காக இருக்கும். சாம்பல் அரித்துப்போனால் மேலே நீட்டி நிற்கும் பாறை உடைந்து விழும். அதனால் செங்குத்துச் சரிவின் மேலேயே வலையைப் போர்த்துகிறார்கள். நம் மலையில் செம்மண்ணுக்குள் புதைந்த உருண்டைப் பாறைகள், மண் கரையக் கரைய வெளிப்பட்டு உருளும். அடிவாரத்துக் கற்கூண்டு சிறு கற்களைத்தான் நிறுத்தும். லாரி அளவு பாறையை மேலேயே உடைக்க வேண்டும், அல்லது இரும்புக் கம்பியால் அடிப்பாறையோடு பிணைக்க வேண்டும். உருளும் கல் தங்குவதற்காகக் கூண்டுக்கும் சரிவுக்கும் இடையே விடும் பள்ளத்தை அக்டோபருக்கு முன் வாரிவிட வேண்டும். நிரம்பிய பள்ளத்தின் மேல் விழும் கல், கூண்டைத் தாண்டி நேராகச் சாலைக்கு வரும்.