அணையில் நீந்த முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போன வாரம் ஒரு மொழிபெயர்ப்புத் தாள் வந்தது. மிட்மார் நீர்த்தேக்கத்தில் 1974 முதல் நடந்துவரும் மிட்மார் மைல் நீச்சல் போட்டியைப் பற்றியது. முதல் வரியே ‘ஆயிரக்கணக்கானோர் அணையை நீந்திக் கடந்தனர்’. அணையை எப்படி நீந்துவது? மேலே ஏறி நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

குழப்பம் இந்த ஊர் ஆங்கிலத்தால் வந்தது. டச்சு மொழியில் ‘டாம்’ என்றால் ஆற்றை மறிக்கும் தடுப்பு. ஆம்ஸ்டெல் ஆற்றின் தடுப்புதான் ஆம்ஸ்டர்டாம். டச்சிலிருந்து இங்கே பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அது தேங்கிய தண்ணீருக்குப் பெயராகிவிட்டது. இந்த ஊர் ஆங்கிலத்திலும் ‘டேம்’ என்றால் அந்தத் தண்ணீர்தான். அப்புறம் தடுப்பைச் சொல்ல ‘டேம் வால்’ என்று ஒரு சுவரை ஒட்டவைத்தார்கள்.

தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடைத்து நிற்பது அணை. தொல்காப்பியம் ‘கற்சிறை’ என்பதும் அதைத்தான். தேங்கி நிற்பது நீர்த்தேக்கம். ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ‘அணைச்சுவர்’ வேண்டுமாம். வெருலம் பக்கத்து ஹேசல்மியரில் அணையை உயர்த்தியதற்கும் அதே சொல். அரைஞாணோடு கயிறு சேர்த்துச் சொல்கிற மாதிரி. கேட்டால், “மேட்டூர் அணை நிரம்பியது என்று தமிழ்நாட்டிலேயே சொல்கிறார்களே!” சரி, குடம் நிரம்பியது என்றும்தான் சொல்கிறோம். அதற்காகக் குடத்தையா குடிக்கிறோம்? மேட்டூரிலும் தண்ணீருக்குத் தனிப்பெயர் உண்டு, ஸ்டான்லி நீர்த்தேக்கம். இதைவிடக் கொடுமை ‘பண்ணை அணை’. மாடு தண்ணீர் குடிக்க விவசாயி வெட்டிவைத்த குட்டை ஐயா அது! ‘பண்ணைக் குட்டை’ என்று தஞ்சாவூர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். அகராதியைப் புரட்டுகிறவர்கள் வயல் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

டர்பன் அருகே இருக்கும் இனாண்டாவைப் பற்றி எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 1980களில் உம்கேனி ஆற்றின் குறுக்கே அங்கே அணை கட்டினார்கள். பள்ளத்தாக்கில் இருந்த குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டுப் போக வேண்டியதாயிற்று. அணை நிற்கிற இடம் கொஞ்சம்தான். நிலத்தை விழுங்கியது அதற்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் பரவிய தேக்கம். ‘அணையில் வீடு போயிற்று’ என்று எழுதினால், படிக்கிறவர் கட்டுமான இடத்தில் இருந்த நாலு வீட்டைத்தான் நினைப்பார்.

வகுப்பில் ஒரு பையன் நோட்டில் ‘மாமாவோடு டேமில் மீன் பிடித்தேன்’ என்று எழுதியிருந்தான். அடிக்கவில்லை. மேலே பென்சிலால் ‘தேக்கத்தில்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையெல்லாம் அந்த மொழிபெயர்ப்புத் தாளிலேயே தீர்ந்துவிட்டது.