ஆர்கோ விளக்கு ஏன் சாய்வதில்லை?

தரையில் நிற்கும் விளக்கு ஒன்று, இரண்டு மீட்டர் தொலைவுக்கு வளைந்து நீண்டு, தலையை அந்தரத்தில் தொங்கவிட்டும் சாயாமல் நிற்பது எப்படி என்று வாசகர் ஒருவர் படத்துடன் கேட்டிருந்தார். அது 1962இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் அக்கில்லே காஸ்திலியோனியும் அவருடைய அண்ணன் பியர் ஜாக்கோமோவும் வடிவமைத்த ‘ஆர்கோ’. சிற்பி ஒருவரின் மகனாக 1918இல் மிலானில் பிறந்த அக்கில்லே, டிராக்டர் இருக்கையை முக்காலியாகவும் கார் முகப்பு விளக்கை அறைவிளக்காகவும் மாற்றியவர்.

கூரையில் துளையிடாமலேயே சாப்பாட்டு மேசைக்கு மேலிருந்து ஒளி விழ வேண்டும் என்பதே சகோதரர்களின் நோக்கம். தெருவிளக்குக் கம்பம் அவர்களுக்கு வழிகாட்டியது. ஆனால் கம்பத்தின் அடி மண்ணில் புதைந்திருக்கும். வீட்டுத் தரையில் அந்த வேலையை இத்தாலியின் கராரா பளிங்குக் கல் செய்கிறது.

இங்கேதான் பள்ளியில் படித்த திருப்புத்திறன், அதாவது எடையை அச்சிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கிய அளவு, உயிர்பெறுகிறது. விளக்கு கவிழ வேண்டுமானால், கல்லின் முன்விளிம்பை அச்சாகக் கொண்டே சுழல வேண்டும். கல்லின் எடை சுமார் 65 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் விளிம்பிலிருந்து 12 செ.மீ. பின்னால் இருப்பதாகக் கொண்டால், விளக்கை நிறுத்திவைக்கும் திருப்புத்திறன் 65 × 12, அதாவது 780 அலகுகள். தலையோ விளிம்பிலிருந்து 200 செ.மீ. தள்ளி இருக்கிறது, 780ஐ 200ஆல் வகுத்தால், அங்கே தாங்கக்கூடிய எடை 3.9 கிலோ. வளைந்த எஃகுத் தண்டும் அதே பக்கம் இழுப்பதால், தலைக்கு மிஞ்சும் எடை அதைவிடக் குறைவு. அதனால்தான் ஒளிக்கிண்ணம் மெல்லிய அலுமினியத்தால் ஆனது. தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று துண்டுகளாக இருப்பதால் அதை நீட்டலாம், குறைக்கலாம். முழுதாக நீட்டிய நிலைக்கும் கல் ஈடுகொடுக்க வேண்டும். தேர்வுத்தாளில் பலகையும் கல்லுமாக வரும் இந்தக் கணக்கை, இப்படிப்பட்ட பொருளைக் கண்முன் வைத்தே நம் வகுப்புகளில் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கல்லைப் பளிங்காகத் தேர்ந்ததிலும் கணக்கு உண்டு: கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் என்பதால், அதே எடைக்குக் கான்கிரீட்டைவிடக் குறைந்த இடமே போதும். கால் இடித்தால் காயம் படாதபடி அதன் முனைகள் மழுக்கப்பட்டுள்ளன. நடுவில் தெரியும் வட்டத் துளை அலங்காரமன்று. அதில் துடைப்பக் கட்டையைச் செருகி, ஆளுக்கொரு முனையைப் பிடித்தால், இருவர் கல்லைத் தூக்கி நகர்த்திவிடலாம்.