நீதிமன்றம் எதை உண்மை என்று ஏற்கிறது? ஒரு புரோநோட்டு வழக்கின் வழியே

கடன் வழக்கில் சம்மன் வந்ததும் வழக்கறிஞரைத் தேடி வருகிறவர்களில் பலர் முதலில் சொல்வது இதுதான்: "ஊருக்கே தெரியுங்க, அந்தப் பணத்தை நான் எப்பவோ கொடுத்து முடிச்சாச்சு." அவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை. ஆனால் ஊருக்குத் தெரிந்த செய்தி நீதிமன்றத்துக்கும் தெரிந்ததாக ஆகிவிடாது. வழக்கை விசாரிக்கும் நீதிபதி அதே தெருவில் குடியிருந்து, பணம் கைமாறியதைத் தம் கண்ணாலேயே பார்த்திருந்தாலும், அந்த அறிவை வைத்து அவர் தீர்ப்பெழுத முடியாது. அவர் அந்த வழக்கிலிருந்து விலகிச் சாட்சியாக வரலாமே தவிர, சாட்சியாகவும் நீதிபதியாகவும் ஒருசேர இருக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

இது பலருக்கு அநியாயமாகத் தோன்றுகிறது. மாறுவேடத்தில் நகர்வலம் வந்து, உண்மையைத் தானே கண்டறிந்து, மறுநாள் அவையில் தீர்ப்புச் சொன்ன மன்னர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதைகளில் மன்னன் எப்போதும் சரியாகவே கண்டறிகிறான். அவன் தவறாகக் கண்டிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடையாது. ஏனென்றால் அவன் இரவில் எதைப் பார்த்தான், யாரிடம் கேட்டான் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் அறியவோ மறுக்கவோ வழியே இல்லை. இன்றைய நீதிமன்றம் இந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. எதிர்த்தரப்பைக் கேளாமல் முடிவெடுக்கக் கூடாது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற இரண்டும் இயற்கை நீதியின் அடிப்படைகள். இரு தரப்பும் பார்த்து, கேட்டு, கேள்வி கேட்கக்கூடிய சான்று மட்டுமே தீர்ப்புக்குள் நுழையலாம் என்பது இவற்றிலிருந்து பிறக்கும் விதி. நீதிபதியின் கையைக் கட்டும் இந்த விதிதான் குடிமக்களின் கையில் உள்ள பெரிய காப்பு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விதியை அறியாதவர்களை அதே காப்பு கவிழ்த்தும் விடுகிறது. அதை நீதிமன்ற வளாகத்தில் அன்றாடம் பார்க்கிறோம்.

புரோநோட்டு என்று நாம் சொல்லும் கடனுறுதிச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். அச்சடித்த ஒரு சிறு தாள், ஓரத்தில் வருவாய் முத்திரைத்தலை, அதன்மேல் குறுக்காக ஒரு கையெழுத்து. தொகை, தேதி, வட்டி விகிதம் எல்லாம் வெற்றிடமாக இருக்க, அவசரத் தேவைக்குக் கடன் வாங்குகிறவர் முத்திரைத்தலை மீது மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். கடனை அடைத்த பிறகு, "சீட்டு பீரோவில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன்" என்று சொல்லப்படுகிறது. பழகியவர் என்பதால் இவரும் வற்புறுத்துவதில்லை. சில ஆண்டுகள் கழித்து, கைவசம் இருந்த அந்தத் தாளில் வாங்கிய தொகையைவிடப் பெரிய தொகை ஒன்று எழுதப்பட்டு, அது வழக்காக வந்து நிற்கிறது.

மாற்றுமுறை ஆவணங்கள் சட்டம், 1881 இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்பதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. முறைப்படி முத்திரையிட்ட தாளில் கையெழுத்திட்டு, முழுவதும் வெற்றாகவோ பாதி நிரப்பியோ ஒருவரிடம் கொடுத்தால், அந்த முத்திரை தாங்கக்கூடிய தொகை வரை அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தைக் கொடுத்ததாகவே முதல்நோக்கில் கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 20. கையெழுத்து உண்மையானது என்று ஆகிவிட்டால், பணம் பெற்றுக்கொண்டுதான் அந்தச் சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 118. மாறாக நிரூபிக்கப்படும் வரை அந்த அனுமானம் நிற்கும். அதே சட்டத்தின் பிரிவு 81, பணத்தைச் செலுத்துகிறவருக்குச் சீட்டைத் திரும்பப் பெறும் உரிமையையும், செலுத்துமுன் அதைக் காட்டச் சொல்லிப் பார்க்கும் உரிமையையும் தருகிறது. முதலிரண்டு பிரிவுகளும் கடன் கொடுத்தவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கின்றன. மூன்றாவது, கடன் வாங்கியவர்களின் காதுக்கு எட்டுவதே இல்லை.

வழக்கு தாக்கலானதும் பிரதிவாதிக்கு அழைப்பாணை, அதாவது சம்மன், வரும். நீதிமன்ற அமீனா கொண்டுவரும் தாளை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் வழக்கு நகராது என்று உறவினர்களும் நண்பர்களும் யோசனை சொல்வார்கள். இதைவிடக் கெடுதலான யோசனை இருக்க முடியாது. வாங்க மறுத்தால் வீட்டுக் கதவில் ஒட்டியும் சார்பு செய்யலாம், அதாவது உரியவரிடம் முறைப்படி சேர்ப்பிக்கலாம்; பதிவுத் தபாலை வாங்க மறுத்ததாகக் குறிப்பு வந்தால் உரியபடி சார்பு செய்யப்பட்டதாக நீதிமன்றம் அறிவிக்கும். அதன்பின் குறித்த வாய்தாவில் பிரதிவாதி வராவிட்டால், அவரை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, வாதி சொல்வதை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பிறப்பிக்கப்படும். எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்ற விதி அங்கே மீறப்படவில்லை. கேட்கப்படும் வாய்ப்பை அளிப்பதோடு நீதிமன்றத்தின் கடமை முடிகிறது, வந்து பேசுவது பிரதிவாதியின் பொறுப்பு. அந்தத் தீர்ப்பாணையை நீக்கக் கோரித் தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மனுச் செய்யலாம். அழைப்பாணை முறையாகச் சார்பு செய்யப்படாதிருந்தால், தீர்ப்பாணை பற்றி அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாட்கள் தொடங்கும். வாங்க மறுத்தவருக்கு அந்த இரண்டாவது வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

வந்தவர் எதிருரை, அதாவது வழக்குக்கான தம் எழுத்துமூலப் பதிலை, தாக்கல் செய்ய வேண்டும். சட்டப்படி 30 நாட்கள். காரணம் காட்டினால் 90 நாட்கள் வரை. இந்த எதிருரையை ஒரு சடங்காக நினைத்து, "வழக்குரையில் கண்டவை யாவும் பொய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பெரும் தவறு. உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, ஒவ்வொரு கூற்றையும் குறிப்பாக மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம். எவ்வளவு வாங்கினேன், எப்போது வாங்கினேன், எந்தெந்தத் தேதியில் எப்படித் திருப்பிக் கொடுத்தேன், யார் உடனிருந்தார்கள் என்பதெல்லாம் இந்தத் தாளில் இருந்தால்தான் பிறகு சாட்சியத்தில் பேச முடியும். எதிருரையில் இல்லாத ஒன்றைக் கூண்டில் ஏறிச் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும், பிற்பாடு புனைந்ததாகவே பார்க்கப்படும். இரு தரப்பின் உரைகளையும் ஒப்பிட்டு, எவற்றில் உடன்பாடு இல்லையோ அவற்றை மட்டும் நீதிமன்றம் எழுவினாக்களாக வகுக்கும். அதன் பிறகு வழக்கு அந்த எழுவினாக்களுக்குள்தான் நடக்கும்.

நிரூபிக்கும் பொறுப்பு என்பது இங்கேதான் உயிர்பெறுகிறது. ஒன்றை உண்டு என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது பொது விதி. கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்ட புரோநோட்டு வழக்கில், முன்சொன்ன அனுமானத்தால், பொறுப்பு பிரதிவாதியின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. அனுமானத்தை உடைக்க நேரடிச் சாட்சி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வாதி சொல்லும் கதை நடந்திருக்க வாய்ப்பில்லை என்று காட்டினாலே போதும். குறுக்கு விசாரணையில் கேட்கப்படும் கேள்விகள் அதனால்தான் வெளிப்பார்வைக்கு அற்பமாகத் தெரிகின்றன. மூன்று லட்ச ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தீர்கள் என்றால் அது எங்கிருந்து வந்தது? வங்கியில் எடுத்தீர்களா? வருமான வரிக் கணக்கில் காட்டியிருக்கிறீர்களா? சீட்டை எழுதியவர் யார்? அன்றைக்கு என்ன கிழமை, எந்த அறையில் உட்கார்ந்து எழுதினீர்கள்? கையெழுத்து ஒரு மையிலும் மற்றவை வேறு மையிலும் இருப்பது ஏன்? தனித்தனியாக எந்தப் பதிலும் வழக்கை முடிப்பதில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும் நீதிபதிக்கு, எந்தத் தரப்பின் கதை நடந்திருக்கக்கூடியது என்ற தெளிவு பிறக்கிறது. உரிமையியல் வழக்கில் இந்த அளவு போதும். குற்றவியல் வழக்கில் இது போதாது. நியாயமான ஐயத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும், ஏனென்றால் அங்கே பணயமாக இருப்பது ஒருவரின் சுதந்திரம்.

காலவரையறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கேட்கும்போது தரவேண்டிய புரோநோட்டுக்கு, அதன் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். சீட்டின் பின்பக்கம் 'வட்டிக்கு வரவு' என்று ஒரு சிறு தொகையை எழுதி, மூன்றாண்டு முடியுமுன் கையெழுத்து வாங்கி வைப்பார்கள். அந்த ஒரு வரியோடு புதிய மூன்றாண்டு தொடங்கிவிடுகிறது. காலம் கடந்து வந்த வழக்கை, எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டாவிட்டாலும் தள்ளுபடி செய்யக் காலவரையறைச் சட்டம், 1963 நீதிமன்றத்தைப் பணிக்கிறது. உண்மையாகவே கடன் கொடுத்து ஏமாந்தவரும் இதில் தோற்றுப்போகிறார். இது எப்படி நீதியாகும் என்று சட்டம் பயிலும் மாணவர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். கடன் அங்கே அழிவதில்லை, அதை நீதிமன்றத்தின் துணையோடு வசூலிக்கும் வழி மட்டுமே அடைபடுகிறது. அதனால்தான் காலாவதியான கடனைத் தருவதாகக் கடனாளி பின்னாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது செல்லுபடியாகும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 25. சாட்சிகள் இறந்து, தாள்கள் தொலைந்து, நினைவு மங்கிய பிறகு ஒருவரைத் தற்காத்துக்கொள்ளச் சொல்வது, அவரைக் கேளாமல் தீர்ப்பதற்குச் சமம் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. எனினும் எளிய மக்களின் கோரிக்கைகளும் இதில் அடிபட்டுப் போவதை நான் மறுக்க மாட்டேன்.

அப்படியானால் நீதிபதியின் மனசாட்சிக்கு இடமே இல்லையா? சட்டத் தத்துவத்தின் மையக் கேள்வி இதுதான். சட்டம் என்பது இறையாண்மை உடையவரின் கட்டளை, மீறினால் தண்டனை என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜான் ஆஸ்டின் வரையறுத்தார். கட்டளையாக மட்டும் சட்டத்தைப் பார்க்க முடியாது, எது சட்டம் என்று இனங்காணும் விதிகளை அதிகாரிகளும் நீதிமன்றங்களும் ஏற்று நடப்பதே அதன் அடித்தளம் என்று 20-ஆம் நூற்றாண்டில் எச்.எல்.ஏ. ஹார்ட் திருத்தினார். விதிகளுக்கு அப்பாலும் நீதிபதியைக் கட்டுப்படுத்தும் கோட்பாடுகள் உண்டு என்று ரொனால்டு டுவொர்கின் வாதிட்டபோது அவர் எடுத்துக்காட்டிய வழக்கு 1889-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ந்தது. உயிலில் தனக்குச் சொத்து எழுதியிருந்த தாத்தாவை நஞ்சிட்டுக் கொன்ற பேரன் அந்தச் சொத்தைக் கேட்டான். உயில் செல்லத்தக்கதாகவே இருந்தது; கொலைகாரன் வாரிசாக முடியாது என்று அங்கே சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. தன் குற்றத்தால் ஒருவர் ஆதாயம் அடையக் கூடாது என்ற கோட்பாட்டைக் கொண்டு பெரும்பான்மை நீதிபதிகள் அவனுக்குச் சொத்தை மறுத்தார்கள்; சட்டத்தில் இல்லாத தண்டனையை நாம் கூட்டக் கூடாது என்றது மாறுபட்ட தீர்ப்பு. இந்தியாவில் இந்த ஐயத்துக்கே இடமில்லாமல், கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் வாரிசாக முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் பிரிவு 25 எழுதியே வைத்திருக்கிறது.

எழுத்தை மட்டும் பற்றிக்கொண்ட நீதிமன்றம் எவ்வளவு தவறலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. நெருக்கடி நிலையின்போது, சட்டவிரோதமாகச் சிறை வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976-இல் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாக அறிவிக்க 2017-இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கு வரை ஆயிற்று. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, நீதிபதி தம் விருப்பப்படி தீர்ப்பளிக்கலாம் என்பதை அல்ல. கன்னாவும் சட்டத்தின் உள்ளே நின்றுதான், எழுதப்பட்ட காரணங்களோடுதான் மாறுபட்டார். காரணங்கள் எழுத்தில் இருந்ததால்தான் பிற்காலத்தவரால் இரண்டையும் எடை போட முடிந்தது.

மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு விசாரணை நீதிமன்றத்தில் அசட்டையாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாட்சிகளை நேரில் கேட்பது பெரும்பாலும் அந்த முதல் நீதிமன்றம் மட்டும்தான். முதல் மேல்முறையீட்டில் பதிவானதை மறுபடி படிப்பார்கள். புதிய சான்றை ஏற்பது அரிதான விதிவிலக்கு. உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு சென்றால், சட்டம் சார்ந்த முக்கிய வினா எழுந்தாலன்றி அது ஏற்கப்படாது. பணம் கொடுத்தாரா இல்லையா என்ற கேள்விக்கு, மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ உங்கள் வாக்குமூலம் பதிவாகும் அந்த நாளே பெரும்பாலும் விடை எழுதிவிடுகிறது.

ஆகவே கடனை அடைக்கும்போது சீட்டைக் கையில் வாங்கிய பின்பே பணத்தைக் கொடுங்கள். தவணையாகக் கொடுத்தால் வங்கி வழியாகவே அனுப்புங்கள். சீட்டு தொலைந்துவிட்டது என்றால், கடன் முழுவதும் தீர்ந்ததென்று தேதியிட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சம்மன் வந்தால் கையெழுத்திட்டுப் பெற்று, அதில் உள்ள வழக்கு எண்ணையும் வாய்தா தேதியையும் முதலில் பாருங்கள். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். போகும்போது அழைப்பாணையையும், அது வந்த உறையையும், பணம் செலுத்தியதற்கான எந்தத் துண்டுச் சீட்டு இருந்தாலும் அதையும் எடுத்துச் செல்லுங்கள். சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்தே எதிருரைக்கான 30 நாட்கள் ஓடத் தொடங்கியிருக்கும்.