உணவு வங்கி: சொல் விளக்கம்

விற்பனைக்கு ஆகாது என ஒதுக்கப்பட்டும் உண்ணும் தகுதி குன்றாத உணவுப் பொருள்களை விளைநிலம், ஆலை, மொத்த வணிகர், கடை ஆகிய இடங்களிலிருந்து திரட்டி, தரம் பிரித்துக் கிடங்கில் வைத்து, பசித்தோர்க்கு உணவளிக்கும் அமைப்புகளுக்குப் பகிர்ந்தனுப்பும் நிறுவனமே உணவு வங்கி. சோறு பரிமாறுவது பெரும்பாலும் அதன் வேலையன்று.

இச்சொல் வழங்கத் தொடங்கிய இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரம். அங்கே ஓர் இலவச உணவுக்கூடத்தில் தொண்டாற்றிய ஜான் வான் ஹெங்கல், மரங்களில் பறிப்பாரின்றிக் கிடந்த ஆரஞ்சு, எலுமிச்சை வகைக் கனிகளையும் அக்கூடத்துக்காகத் திரட்டி வந்தார். பல பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண், கடைகளின் குப்பைத் தொட்டிகளில் எறியப்படும் நல்ல உணவைக் கொண்டே வீட்டை நடத்துவதாகவும், வேண்டாதவர் போட்டுவைக்கவும் வேண்டியவர் எடுத்துக்கொள்ளவும் வங்கி போல ஓரிடம் இருக்கலாகாதா என்றும் அவரிடம் சொன்னதாக, அவர் பின்னர் தொடங்கிய உணவு வங்கியின் வரலாறு கூறுகிறது. செயின்ட் மேரி ஆலயத்தார் 3,000 டாலரும் பயனற்றுக் கிடந்த கட்டடம் ஒன்றும் தர, 1967இல் செயின்ட் மேரி உணவு வங்கி தோன்றியது. முதலாண்டிலேயே 2,75,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 125 டன் உணவு அதன் வழியே பகிரப்பட்டது. பிற ஊர்களிலும் இத்தகைய வங்கிகள் பெருகவே, 1979இல் அவற்றை இணைக்கும் தேசிய அமைப்பு ‘செகண்ட் ஹார்வெஸ்ட்’ என்ற பெயரில் உருவாயிற்று; இரண்டாம் அறுவடை என்னும் அப்பெயர், கனி திரட்டிய தொடக்கப் பணிக்கும் பொருந்தி வருகிறது. 2008இல் அது ‘ஃபீடிங் அமெரிக்கா’ எனப் பெயர் மாறியது.

‘பேங்க்’ என்பதன் மூலம், நாணயம் மாற்றுவோர் இட்டிருந்த பலகையைக் குறித்த ‘பாங்கோ’ என்னும் இத்தாலியச் சொல். பணமல்லாத பொருளுக்கு அது ஏறியதும் புதிதன்று. சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபேன்டஸ் 1937இலேயே ‘இரத்த வங்கி’ என்று பெயரிட்டுவிட்டார். ஆயினும் பண வங்கியில் இட்டவரே எடுக்கிறார்; உணவு வங்கியில் இடுபவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். கடனுமில்லை, வட்டியுமில்லை. உவமை அரைகுறையானதுதான்.

தமிழில் இதற்கு ‘அன்னசத்திரம்’ என்பது ஒவ்வாது. அது சமைத்து இடும் இடம். ‘களஞ்சியம்’ சேமிப்பைச் சொல்லும், பகிர்வைச் சொல்லாது. தனித்தமிழ் விரும்புவோர், வங்கியை வைப்பகம் என்னும் வழக்கையொட்டி ‘உணவு வைப்பகம்’ எனலாம். ‘இரத்த வங்கி’, ‘விதை வங்கி’ ஆகியவை ஊன்றிவிட்ட நிலையில், பொது எழுத்துக்கு ‘உணவு வங்கி’யே போதும் என்பது என் கருத்து.

பிரிட்டனிலிருந்து வரும் செய்திகளை மொழிபெயர்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அங்கே இச்சொல் பெரும்பாலும் கிடங்கை அன்றி, குடும்பங்களுக்கு நேரில் பொருள் கொடுக்கும் இடத்தையே குறிக்கிறது. இலங்கைத் தமிழில் நன்கு வழங்கும் ‘உலர் உணவுப் பொதி’ என்ற தொடரைக் கொண்டு ‘உணவுப் பொதி வழங்கும் நிலையம்’ என எழுதினால் பொருள் மயங்காது.