லினக்ஸில் ‘ஒய்’ தட்டும் முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்

திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து, பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு “லினக்ஸ் போட்டுக் கொடுங்க” என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். லினக்ஸின் வகைகளான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டுக் கொடுக்கிறேன். அவர்களில் சிலர் கொஞ்ச நாளிலேயே திரும்பி வருகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் மென்பொருளை நிறுவிய விதத்தில்தான் இருக்கிறது.

விண்டோஸ் பழக்கத்தில் எது வேண்டுமென்றாலும் கூகுளில் தேடி, கிடைத்த தளத்தில் டவுன்லோட் செய்து, டபுள் கிளிக் செய்கிறோம். லினக்ஸில் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் வழி வந்த உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் பல்லாயிரம் மென்பொருள்கள் உள்ள சொந்தக் களஞ்சியம் இருக்கிறது. அங்கிருந்து வரும் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. மென்பொருளை நிறுவும் கருவியான ‘ஆப்ட்’ அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் நிறுவும். எங்கோ கிடைத்த டெப் ஃபைலுக்கு (மென்பொருளை நிறுவும் கோப்பு) அந்தச் சோதனை நடப்பதில்லை. அதனால் உபுண்டுவில் ஆப் சென்டர், மின்ட்டில் சாஃப்ட்வேர் மேனேஜர், முதலில் அங்கே தேடுங்கள்.

கட்டளையைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் செய்வதானால் முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, அப்புறம், விஎல்சி வீடியோ பிளேயர் வேண்டுமென்றால், ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி’. ‘சூடோ’ என்றால் முழு அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள். அப்டேட் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும், மென்பொருள்களைப் புதுப்பிப்பது அப்கிரேட். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் புள்ளிகூட வராமல் போகலாம். கீபோர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், அடித்து முடித்து என்டர் தட்டுங்கள்.

அடுத்து வருவதுதான் முக்கியம். வேறு மென்பொருள்களையும் சேர்த்துத் தொட வேண்டியிருந்தால், ஆப்ட் பட்டியலைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். ‘ஒய்’ என்றால் சரி, ‘என்’ என்றால் வேண்டாம். அதில் ‘ரிமூவ்டு’ அல்லது ‘ரிமூவிங்’ என்ற சொல் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். அதன் கீழே இருப்பதெல்லாம் உங்கள் கணினியிலிருந்து போகப்போகிறவை.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். லேப்டாப்பைப் போட்டால் கறுப்புத் திரையில் லாகின் என்ற எழுத்து மட்டும் நின்றது. “அண்ணா, ஒரு கேம்தான் போட்டேன். ஒய் கேட்டுச்சு, தட்டினேன்” என்றார். ஆப்ட் தான் செய்ததையெல்லாம் ஒரு வரலாற்றுப் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கும். திறந்து பார்த்தால், ‘ரிமூவ்’ வரியில் டெஸ்க்டாப்பைக் காட்டும் மென்பொருள்களே வரிசையாக இருந்தன. விவரம் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். 2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப்போய், எச்சரிக்கையைத் தாண்டி ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே’ என்று தட்டச்சு செய்து டெஸ்க்டாப்பையே இழந்தார். கோளாறு மென்பொருள் பொதியில் (பேக்கேஜில்) இருந்தது, ஆனால் பட்டியல் அதை முன்கூட்டியே காட்டியிருந்தது. புரியவில்லையா, ‘என்’ தட்டி வெளியே வாருங்கள். திரையைப் போட்டோ எடுத்து விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள். எனக்கு அனுப்பினாலும் சந்தோஷமாகப் பார்த்துச் சொல்வேன்.

‘கர்ல்’ என்று தொடங்கி ‘சூடோ பாஷ்’ என்று முடியும் ஒற்றை வரியை எங்கிருந்தும் காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள். யாரோ எழுதியதைப் படிக்காமலே முழு அதிகாரத்தோடு ஓட்டச் சொல்கிற வரி அது.

‘லாக் (பூட்டு) கிடைக்கவில்லை’ என்று பிழை வந்தால், பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பூட்டு ஃபைலை அழிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி செத்த லேப்டாப்பில் அந்த நேரத்தில் அப்கிரேட் வேண்டாம். பாதியில் நின்றுபோனால், ‘சூடோ டிபிகேஜி’ என்று அடித்து, இரண்டு சிறு கோடு போட்டு ‘கான்ஃபிகர்’, இடம் விட்டு ஒரு சிறு கோடு போட்டு ‘ஏ’. விட்ட இடத்திலிருந்து அது முடித்து வைக்கும்.