எது மேலே, எது கீழே?

பழைய வண்ணாரப்பேட்டையில் மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது, ஏழாவது பிள்ளைகள்தான் அதிகம். "வகுத்தல் நல்லா போடுவான் மிஸ், அல்ஜீப்ரா வந்தா மார்க் போயிடுது" என்பார்கள் பெற்றோர். நோட்டைப் பிரித்துப் பார்த்தால் வகுத்தலில் தப்பே இருக்காது. வாக்கியத்தைப் படிக்கும்போதே சறுக்கியிருப்பான்.

காசிமேட்டுப் பையன் ஒருவனிடம் போன வாரம் '12-ஐ ம-வால் வகுக்கக் கிடைக்கும் ஈவு' என்று எழுதிக் கொடுத்தேன். (எக்ஸைப் பெருக்கல் குறியோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் என்னிடம் முதல் சில நாள், தெரியாத எண்ணுக்குப் பதிலாக நிற்கும் 'மாறி' தமிழ் எழுத்துதான்.) ம/12 என்று எழுதினான். ஏன்டா என்றேன். "எழுத்துதானே மிஸ் மேல வரும்?" அவனைக் குறை சொல்ல முடியாது. அதுவரை அவன் போட்ட கணக்கிலெல்லாம் எழுத்து மேலேதான் இருந்தது. விடை 12/ம.

எது முதலில் வருகிறது என்று பார்க்காதே, எதன் வாலில் 'ஐ', எதன் வாலில் 'ஆல்' என்று பார் என்பேன். 'ம-வை 5-ஆல் வகு', '5-ஆல் ம-வை வகு' இரண்டுமே ம/5 தான். ஐ ஒட்டியது மேலே, ஆல் ஒட்டியது கீழே. தமிழ் வகுப்பில் இரண்டாம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை என்று கடகடவென ஒப்பிக்கிற பிள்ளைக்கு, அது கணக்கு நோட்டிலும் வேலை செய்யும் என்று யாரும் சொல்வதில்லை.

'இல்' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். 'மூன்றில் இரண்டு' என்றால் மூன்று கீழே போகும். '20-இல் 5 எத்தனை முறை இருக்கிறது' என்றால் 20 மேலே வரும். இங்கே உருபை நம்பாமல் அர்த்தத்தைப் பார்க்க வேண்டும். எழுத்து வந்து குழப்பினால், அந்த இடத்தில் தெரிந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு வேறு வில்லங்கம். '5 டிவைடட் பை ம' என்றால் 5/ம, அதில் சிக்கலில்லை. '5 டிவைடட் இன்டு ம' என்றால் தலைகீழ், ம/5. நம் ஊரில் இன்டு என்றாலே பெருக்கல்தானே? கண்ணை மூடிக்கொண்டு 5ம என்று எழுதிவிடுகிறார்கள். 'கோஷன்ட் ஆஃப் ம அண்ட் 5' என்றால் முதலில் சொன்னதுதான் மேலே.

அப்புறம் அடைப்புக்குறி. ம ரூபாய்க்கு மீன் விற்றது. டீசல், ஐஸ் செலவு 3000 போக மிச்சத்தை 8 பேர் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு எவ்வளவு? பாதிப் பேர் ம − 3000/8 என்று எழுதினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் காசிமேட்டுப் பையனே சிரித்துவிட்டான். "செலவை மட்டும் எட்டாப் பிரிச்சிருக்கு மிஸ். வித்த காசு மொத்தம் ஒரே ஆளுக்கா?" அவ்வளவுதான் விஷயம். முதலில் கழித்து, பிறகு வகு: (ம − 3000)/8. நோட்டில் நீளமாகக் கோடு போட்டு ம − 3000 முழுவதையும் அதன் மேல் எழுதினால் அந்தக் கோடே அடைப்புக்குறியின் வேலையைச் செய்துவிடும். ஒரே வரியில் எழுதும்போதுதான் அடைப்புக்குறி கட்டாயம்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டேன். 12,000 ரூபாயை ம பேர் பிரித்துக்கொள்கிறார்கள். 12000/ம என்று எல்லோரும் சரியாக எழுதினார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"யாருமே வரலன்னா மிஸ்?"

போர்டில் ம ≠ 0 என்று எழுதினேன்.

"அப்போ அந்தக் காசு?" என்றாள்.